பூனை எழுந்திருக்கும் இடம்

கரியாலூர்
18.5.2025

அன்பு மகள் நர்மதாவுக்கு அப்பா சின்னப்பையன் எழுதுவது.

இதைக் கொண்டுவரும் பக்கத்து வீட்டுக் கலைவாணனோடு உன் பிள்ளை ஆகாஷும் வந்து நிற்பான். லீவு முடியும் முன்பே அனுப்புகிறேன். பிள்ளை முழுசாக இருக்கிறான். ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு பிறகு படி. போனில் சொன்னால் என் குரல் உன்னைப் பயமுறுத்திவிடும்.

டிவி ஆபீசில் பழைய கார்ட்டூன்களில் வெடியையும் அடிதடியையும் வெட்டும் வேலை என்று நீ சொன்னபோது, எட்டாவது பெயிலான நான் வக்கீல் மாதிரி பேசினேன். "நாங்க சிரிச்சத வெட்டறதுக்கு நீ யாரும்மா? பேப்பர்காரன் வாயை மூடறதும் இதுவும் ஒண்ணுதான்" என்றேன். என் தொல்லை தாங்காமல் வெட்டாத படங்களைப் பென்டிரைவில் கொடுத்தாய்.

பிள்ளையைவிட நான்தான் ஜாஸ்தி பார்த்தேன். பூனை வெடியை விழுங்கும், மூஞ்சி கரியாகும், எழுந்து ஓடும். நானும் அடுப்புக்கரி பூசிக்கொண்டு செத்து விழுவேன், எழுந்திருப்பேன். "இன்னொரு தரம் தாத்தா" என்பான். எனக்குக் கிடைத்த ஒரே சினிமா சான்ஸ்.

முந்தாநாள் மரவள்ளிக் கொல்லையில் யாரோ காட்டுப்பன்றிக்கு வைத்த அவுட்டுக்காய் அவன் கையில் கிடைத்திருக்கிறது. உருண்டைக்குள் வெடிமருந்து, கடித்தால் டமால் என்று நான்தான் முன்பு சொல்லிவைத்தேன், அதையும் சிரித்துக்கொண்டே. நம் நாய் செவலைக்குப் போட்டுவிட்டான்.

சத்தம் கேட்டு ஓடினேன். செவலைக்கு வாயே இல்லை. இவன் தள்ளி உட்கார்ந்து, "எப்ப எழுந்துக்கும் தாத்தா?" என்கிறான். எழுந்திருக்காது என்றேன். "நீ மட்டும் எழுந்துக்கினியே" என்றான். சாயங்காலம் வரை புதைக்க விடவில்லை.

அப்புறம், இன்னொன்று இருக்கிறது என்றான். என் தலையணைக்கடியில் இருந்தது. "உனுக்குத்தான் வச்சேன். நீதான் நல்லா எழுந்துப்பியே" என்றான். போலீஸ்காரர்கள் மணல் வாளியில் வைத்து எடுத்துப்போனார்கள்.

நீ இருப்பது நாலாவது மாடி. அந்தப் பூனை மாடியிலிருந்து விழுந்தாலும் எழுந்து ஓடும். பால்கனிக் கதவுக்குப் பூட்டுப் போடு, சாவியை உன்னிடமே வைத்துக்கொள்.

வெட்டுவது சரியா தப்பா, எனக்கு இன்னமும் விளங்கவில்லை. வெடியை வெட்டாதே, சிரிப்பையும் வெட்டாதே. முடிந்தால் பூனை எழுந்திருக்கும் இடத்தை மட்டும் வெட்டிவிடு.

பிள்ளையை அடிக்காதே. தாத்தா விழுந்தால் எழுந்திருக்க மாட்டான் என்று நீதான் அவனுக்குச் சொல்ல வேண்டும். என்னால் சொல்ல முடியவில்லையம்மா.

இருவரும் நூறு வயது இருங்கள்.

அப்பா
சின்னப்பையன்