ஆண் குரல் 2

டிசம்பர் 9, செவ்வாய்

காலை மீட்டிங்கில் சுமையா சொல்லிவிட்டாள். பிப்ரவரி வெளியீட்டோடு 32 பிட்டை நிறுத்துகிறோம். பழைய பிராசசர் உள்ள போன், டேப்லெட் எதிலும் அதற்குப் பிறகு எங்கள் ‘சொல்லி’ செயலி ஓடாது. பேச முடியாதவர்கள் தட்டச்சு செய்தால் அவர்களுக்காகப் பேசும் செயலி. அதைப் பழைய கருவியில் வைத்திருப்பவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லையாம். ஒவ்வொரு தடவையும் இரண்டு விதமாகக் கட்டி, இரண்டு விதமாகச் சோதித்து எங்களுக்கு மாளவில்லை. எல்லாம் நியாயம்தான். நானே புலம்பியிருக்கிறேன்.

“நீக்குற வேலையை நீங்களே எடுத்துக்கிறீங்களா எழில்க்கா? அந்தப் பகுதி உங்களுக்குத்தான் அத்துப்படி.”

சரி என்றேன். ஏன் சரி என்றேன்? எங்கள் டீமுக்கே அவள்தான் தலைவி, ஆனாலும் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கலாம். நூற்றில் ஒருவர்கூட இல்லாத அந்த ஒருவர் அப்போது, நான் வேலை பார்க்கும் இதே வீட்டின் வாசலில் உட்கார்ந்து டேப்லெட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 10

எழுதி வைத்தால்தான் எனக்கே தெளியும்.

அறிவுச்செல்வனுக்குத் தொண்டையில் கட்டி வந்து, தஞ்சாவூரில் குரல்வளையை எடுத்து நாலு வருஷம். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் பேசுவது ‘ஆண் குரல் 2’-இல். மெனுவில் அதற்கு அதுதான் பெயர். ஒரு கல்லூரியில் நாலைந்து பேர் சேர்ந்து செய்து கொடுத்தது. அவர்கள் கலைந்துவிட்டார்கள், மூல நிரல் யாரிடமும் இல்லை. கையில் இருப்பது பழைய பிராசசருக்கென்று கட்டிய கோப்பு மட்டும், அது புதிய கருவிகளில் ஓடாது. ஆக 32 பிட் போனால் குரலும் போகும்.

லேசாக மூக்கடைத்த குரல். கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு கணம் நிற்கும். “வண்டி நாளைக்குக் காலையில... வரும்.” முதல் நாள், சளி பிடித்த கிளார்க் மாதிரி இருக்கிறது என்று சிரித்தேன். இப்போது அதுதான் அவர். சம்பா அறுவடைக்கு வெளியூரிலிருந்து வரும் மெஷின்களை நீடாமங்கலம் சுற்றுவட்டாரத்தில் யார் வயலுக்கு எப்போது என்று பிரித்து அனுப்புவது அவர் தொழில். போனை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் டேப்லெட்டை வைத்துப் பேசுவார். தட்டச்சு செய்ய நேரமாகும் இல்லையா, எதிராளி வைத்துவிடக்கூடாதென்று டேப்லெட் விளிம்பில் மோதிரத்தால் டொக் டொக் என்று இரண்டு தட்டு. பொறு, நான் இருக்கிறேன் என்று அர்த்தம். பிறகு குரல் வரும். அந்தக் குரல் சொன்னால் வண்டி வந்துவிடும் என்று ஊருக்கே தெரியும்.

டிசம்பர் 18

அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

டிசம்பர் 27

அவருடைய டேப்லெட்டுக்கு மட்டும் செயலியைத் தனியாக ஒன்று கட்டிப் போட்டுவிட்டேன். எங்கள் சர்வர் நின்றாலும் இது பேசும். டேப்லெட் உயிரோடு இருக்கும்வரை குரலும் இருக்கும். நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை.

ஜனவரி 3

கண்டுபிடித்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“எனக்கு மட்டும் தனியா... பண்ணியா?”

“ஆமாங்க.”

“மத்தவங்களுக்கு?”

ரொம்ப நேரம் தட்டினார். “ஊருக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு... நியாயமா?”

சொன்னாரே தவிர, போட்டதை எடுக்கச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் நல்ல ஜோடி.

ஜனவரி 15

பொங்கல். பானை பொங்கும்போது டேப்லெட்டை முழுச் சத்தத்தில் வைத்து “பொங்கலோ... பொங்கல்” என்று கத்த வைத்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதே இடத்தில் நிறுத்தி நிறுத்திக் கத்தின. அவருக்கு ஒரே சிரிப்பு.

ஜனவரி 22

டேப்லெட்டின் பின்மூடி உப்பிவிட்டது. தஞ்சாவூருக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். “இதை இனி சார்ஜ் போடாதீங்கம்மா, வெடிச்சாலும் வெடிக்கும். இந்த மாடலுக்குப் பேட்டரி வர்றதே இல்ல.” நாலு கடை ஏறி இறங்கியும் அதே பதில். பழையது ஒன்று கிடைத்தது, அதற்குத் திரையே வேலை செய்யவில்லை. அறுவடை நேரத்தில் ஒரு நாள்கூட அவரால் பேசாமல் இருக்க முடியாது. புதியது வாங்கினேன். விழுந்தாலும் உடையாதபடி தடியான ரப்பர் உறையும் வாங்கினேன். கெட்டிக்காரி!

ஜனவரி 24

புதியதில் இருப்பது ‘ஆண் குரல் 5’. தெளிவாக, வழவழவென்று, எங்கேயும் நிற்காமல் பேசுகிறது. நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்ட குரல்.

சாயங்காலம் அடுப்படியில் இருந்தேன். “எழில், கொஞ்சம் வா.” டிவி என்று நினைத்தேன். மறுபடி வந்தது. மறுபடியும். டிவியில் எவளோ ஒரு எழில் என்று நினைத்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரே வந்து நின்றார்.

“கூப்பிட்டது நான்தான்.”

அதையும் அந்த டிவிக்காரன் குரலில்தான் சொல்ல வேண்டியிருந்தது. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முதல் குரலை எடுத்தது நோய். இதை? அது ஓடாதென்று தெரிந்தே புதியதை வாங்கி வந்து நான்தானே எடுத்தேன்... நானேதான்.

ஜனவரி 28

மழை வரப்போகிறது என்கிறார்கள். கதிர் முற்றி நிற்கிறது. காலையிலிருந்து போன் போட்டுக்கொண்டே இருக்கிறார். எடுக்கிறார்கள், “வணக்கம், உங்கள் வயலுக்கு” என்பதற்குள் வைத்துவிடுகிறார்கள். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார்.

மத்தியானம்தான் விஷயம் தெரிந்தது. விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் காலையிலேயே ஒருவர் போட்டிருக்கிறார்: “அறிவு நம்பரை ஹேக் பண்ணிட்டானுவ. வேற எவனோ பேசுறான். யாரும் எடுக்காதீங்க, அவர் பேர்ல ஏமாத்தப் பாக்குறானுவ.” அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அப்படியெல்லாம் இல்லை, பேசுவது அவர்தான் என்று நான் எழுதினேன். யாரோ உடனே, “அந்தம்மா போனும் போச்சு” என்றார்.

அவருக்காகத்தான் எல்லாரும் அவர் பேச்சை வெட்டுகிறார்கள். யாரைக் கோபித்துக்கொள்வது?

ஜனவரி 30

ராத்திரி கொட்டித் தீர்த்துவிட்டது.

ஜனவரி 31

இவரிடம் மெஷின் கேட்டிருந்த அம்சவல்லி அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். முந்தாநாள் மெஷின் அவர் வயல் வரப்பில் வந்து நின்றிருக்கிறது. ஆள் யாரும் இல்லை, இவர் போட்ட போனையும் அக்கா வைத்துவிட்டார். டிரைவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டான். இப்போது கதிர் முழுக்கச் சாய்ந்து தண்ணீரில் கிடக்கிறது.

“தம்பி கூப்பிட்டா நான் எடுக்காமயா இருப்பேன்? எவனோ திருட்டுப்பய பேசுறான்னுல்ல வச்சேன்! உன் குரலு எங்கப்பா போச்சு?”

இவர் டேப்லெட்டை எடுத்தார். தட்டாமல் கீழே வைத்துவிட்டார். நான்தான் அக்கா, நான்தான் காரணம் என்று சொல்ல வாய் வரை வந்தது. 32 பிட் என்றால் அக்காவுக்கு என்ன? சாய்ந்தது சாய்ந்ததுதான். காபி மட்டும் போட்டுக் கொடுத்தேன். அக்கா குடிக்காமல் போய்விட்டார்.

பிப்ரவரி 2

காலையில் அவர் ரொம்ப நேரம் டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த ரப்பர் உறையைப் பிய்த்து எறிந்தார். கோபம் என்று நினைத்தேன். போனை எடுத்து அம்சவல்லி அக்காவுக்குப் போட்டார். விளிம்பில் மோதிரத்தால் தட்டினார்.

டொக் டொக்.

எடுத்த அக்கா இந்தத் தடவை வைக்கவில்லை. பிறகு, “தம்பி! நீதானாப்பா?”

புதிய குரலில் சொன்னார்: “நான்தான் அக்கா. சாய்ந்த கதிரை அறுக்கிற பெல்ட் மெஷின் மத்தியானம் வரும். வரப்பிலேயே நில்லுங்க.”

உறை போட்டதால் தட்டுவது யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு இது தோன்றவே இல்லை. மெஷின் வந்தது. பாதிதான் தேறியது என்றார் அக்கா.

பிப்ரவரி 4

பேசுவதற்கு முன் அந்தத் தட்டும் சத்தத்தைச் செயலியிலேயே வைத்துவிடட்டுமா, ஒரு நாள் வேலைதான் என்று ஆசையாகக் கேட்டேன்.

“வேண்டாம். நாளைக்கு அதையும் நிறுத்துவீங்க. மோதிரத்துக்கு அப்டேட் கிடையாது.”

ரொம்ப நாள் கழித்து இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு பழைய கேள்வியை மறுபடி தட்டினார். “மத்தவங்களுக்கு என்ன செய்யப்போற?”

பிப்ரவரி 10

மீட்டிங்கில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தனியாகக் கட்டியதையும். “முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா” என்றாள் சுமையா. நிறுத்துவதை நிறுத்த முடியாது, எனக்கே தெரியும். மார்ச் முடியத் தள்ளி வைத்திருக்கிறோம். அதுவரைக்கும் பழைய கருவியில் திறந்தவுடன் ஒரு பொத்தான் வரும். அழுத்தினால் ஆண் குரல் 2 ஒரு செய்தி சொல்லும், உடனே அதையே புதிய குரலும் சொல்லும். வீட்டில், கடையில், போனில், யாருக்கு வேண்டுமானாலும் போட்டுக் காட்டலாம்.

செய்தியை எழுதிக் கொடுத்தது அவர்: “அடுத்த மாதம் என் குரல் மாறிவிடும். அப்போதும் பேசுவது... நான்தான்.”

மார்ச் 31

இன்று நீக்கினேன். ஆயிரக்கணக்கான வரிகள். அழுத்துவதற்கு முன், என் கணினியில் ஓடும் சோதனைச் செயலியில், ஆண் குரல் 2-இல் ஒரு தடவை ‘எழில்’ என்று சொல்ல வைத்துக் கேட்டேன். ஒற்றைச் சொல் என்பதால் நிற்கவில்லை. பிறகு அழுத்தினேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, அழுதேன்.

கொல்லைப் பக்கமிருந்து டொக் டொக் என்று கேட்டது.

குரல் வருவதற்குள், “வரேங்க” என்று எழுந்துவிட்டேன்.