மேற்குத் தெருவுக்கும் முட்டை

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

மேற்குத் தெருப் பிள்ளைகளுக்கு முட்டை கொடுத்தது நான்தான். உன் ஆட்கள் சொன்னது உண்மை. மூன்று வாரமாகக் கொடுக்கிறேன். நிறுத்தவில்லை.

நலம் விசாரிக்காமல் ஆரம்பிக்கிறேன் என்று கோபிக்காதே. நீயும் என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. நாலு வருஷ ஆராய்ச்சியைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் கடிதத்தையே தொடங்கியிருக்கிறாய்.

கிழக்குத் தெருவுக்குத் தினம் ஒரு முட்டை, மேற்குத் தெருவுக்கு ஒன்றும் கிடையாது, இரண்டிலும் மாதாமாதம் எடை என்று நீ சொன்னபோது நானும் தலையாட்டினேன். முட்டை மொத்த வியாபாரிக்கு ஆர்டர் வந்தால் கசக்குமா? சீட்டுக் குலுக்கித் தெருவை எடுத்ததால் யாருக்கும் மனக்குறை வராது என்றாய். இங்கே இருந்து பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாய்.

போன மாதம் எடை பார்த்த அன்று நான் அங்கே நின்றேன். தையல்காரர் மகளுக்கு நாலு வயது. முந்தின மாதத்தைவிட இளைத்திருந்தாள். உன் ஆள் எழுதிக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டான். எழுதினான், அவ்வளவுதான். அவள் அம்மா என் பக்கம் திரும்பி, ஏங்க்கா, ஆட்டை எடை போட்டாலாவது வாங்கிட்டுப் போவாங்க, எம்புள்ளைய எதுக்குச் சும்மா சும்மா தூக்கி வச்சுப் பாக்குறீங்க என்று கேட்டாள். என்னைத்தான் கேட்டாள். நீ விமானத்தில் வந்து போகிறவன். வண்டி நிறைய முட்டையோடு அவள் வாசலைத் தாண்டிக் கிழக்கே போகிறவள் நான்.

இரண்டு தெருவின் எடை வித்தியாசத்தை நிரூபித்தால்தான் அரசாங்கம் நாடு முழுக்கக் கொடுக்கும், லட்சம் பிள்ளைகள் சாப்பிடுவார்கள் என்கிறாய். இருக்கலாம். நீ சொல்வதில் நியாயம் இருப்பதால்தான் கோபம் இன்னும் ஏறுகிறது. ஏழ்மையை இருபது வருஷம் ஆராய்ந்தவனுக்கு, நடுவில் ஒரு பிள்ளை இளைத்தால் என்ன செய்வது என்று திட்டத்தில் ஒரு வரி சேர்க்கத் தோன்றவில்லையா?

முட்டையை நிறுத்தச் சொல்லி உன் ஆட்கள் வந்ததும் மேற்குத் தெருக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். கடைசி எடை எடுக்காவிட்டால் உன் அறிக்கை இல்லை என்று எனக்கும் தெரியும். அதனால் நேற்று போய்ப் பேசினேன். உனக்கு வரவேண்டிய வசவெல்லாம் என் தலையில் விழுந்தது. பிறகு இறங்கி வந்தார்கள். பேசி முடித்ததைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அறிக்கையில் என் மூன்று வாரத்தை மறைக்காதே. அக்கா கொடுத்தாள் என்றே எழுது.

வேளைக்குச் சாப்பிடு. நீ இளைத்தால் பார்த்துச் சொல்ல அங்கே ஆளில்லை. நன்றாக இரு.

கோபம் தீராத
உன் அக்கா

ஞாயிற்றுக்கிழமை கடைசி எடை. அதற்கு முன்பே மேற்குத் தெருவில் வீடு வீடாக முட்டை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து, பள்ளிக்கூடத்தில் சேரும் வரை, பிள்ளைக்குத் தினம் ஒன்று. பணம் உன்னுடையது. கிழக்குத் தெருவுக்கு என்ன விலையோ அதே விலை. தம்பி என்பதற்காகச் சல்லிக்காசு குறைக்க மாட்டேன்.