சின்ன ட்ரம்பெட்டுக்கு எண்ணெய்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். சுகமில்லாதது என் மேலுதடு ஒன்றுதான். தேனீ கொட்டியதுபோல் வீங்கியிருக்கிறது. அந்த ஊர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். ஆனால் இன்றைக்கு நான் எழுதுவது அவளுக்கும் தெரியாது. எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, துணிக்கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கூடையைத் திட்டு.

நாளை மாலை எங்கள் பள்ளி இசைக்குழுவின் கச்சேரி. நகர அரங்கில் நீ வாசித்தாயே, அதே உருப்படி. வயலின்கள் எல்லாம் அடங்கிய பிறகு ட்ரம்பெட் மட்டும் தனியாக மேலே ஏறுமே, அந்த இடம் எனக்கு. ஏறுகிறேன், உச்சிச் சுரத்தில் வழுக்கி விழுகிறேன். ஒத்திகையில் ஒரு தடவைகூட அது சரியாக நிற்கவில்லை. குழுவை நடத்தும் மாஸ்டர் நல்லவர்தான். அவரே, "நாளைக் காலைல கடைசி ஒத்திகை. அதுலயும் கீச்சுன்னு வந்தா அந்த இடத்தை கிளாரினெட்டுக்குக் குடுத்துடுவேம்மா, எனக்கும் மானம் மரியாதை இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

நான் வாசிப்பது அப்பாவின் பெரிய ட்ரம்பெட். அதில் மேலே போகப்போகச் சுரங்கள் குறுகலான படிகளைப்போல் நெருங்கிவிடுகின்றன. உதடு ஒரு இழை அசைந்தாலும் பக்கத்துப் படியில் போய் நிற்கிறேன். உன் சின்ன ட்ரம்பெட்டுக்குக் குழாய் குட்டை, சுருதி மேலே. அதே சுரங்களுக்கு அதில் கால் ஊன்ற இடம் இருக்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எடுத்து ஊதிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆமாம் அக்கா, எடுத்துவிட்டேன். நீ போகும்போது சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாய். அம்மா அதை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டாள். யாரும் தொடக்கூடாது என்று அப்பா சொன்னார். நாற்காலி போட்டு ஏறி எடுத்து, புத்தகப் பைக்குள் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய், விளையாட்டுச் சாமான் அறையில் ஊதிவிட்டு, அப்பா வீடு திரும்புவதற்குள் பழைய இடத்தில் வைத்துவிடுவேன்.

உன் கச்சேரியை நான் மறக்கவே இல்லை. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு மாமி, "பாவம், அந்தப் பொண்ணுக்குக் குளிர் போலிருக்கு" என்றாள். நீ சால்வையை மடிமேல் போர்த்தியிருந்தாய். உள்ளே இருந்தது சின்ன ட்ரம்பெட் என்று எங்கள் வரிசையில் எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். ஆறிப்போனால் சுருதி இறங்கிவிடும் என்று, பெரியதை வாசித்து முடிக்கிற இடங்களிலெல்லாம் குனிந்து அதற்குள் சத்தமில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாய். குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் இருந்தது. பிறகு உன் முறை வந்தது. அவசரமில்லாமல் பெரியதைக் கீழே வைத்து, சின்னதை எடுத்தாய். அந்தச் சுரம் கண்ணாடியில் விளக்கு ஏற்றியதுபோல் நின்றது. பயந்தவள் அப்படி உட்காரமாட்டாள் அக்கா. அன்றைக்கே எனக்குத் தெரியும்.

ஆனால் அப்பா வீட்டுக்கு வந்து, "ஒரு சுரத்துக்குப் பயந்து வாத்தியத்தை மாத்துறவ வாசிக்கிறவ இல்ல, கடை வச்சிருக்கிறவ" என்றார். "கேக்கறவங்களுக்குச் சுரம்தாம்பா போய்ச் சேரணும், என் கஷ்டம் போய்ச் சேர வேணாம்" என்று நீ சொன்னாய். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அந்தப் பதிலை இன்றைக்கும் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன். நீ நினைத்துக்கூடப் பார்த்திருக்கமாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

நேற்று ஒத்திகைக்கு அதைத் துணிந்து எடுத்துப்போனேன். மானம் போயிற்று. பெரியதில் 'ஸ' பிடிக்கிற விரல்கள் சின்னதில் 'ம' அல்லவா பிடிக்கும்? எல்லாவற்றையும் மனதுக்குள் இறக்கிப் படிக்கவேண்டும் என்று தெரிந்தும், மாஸ்டர் கையைத் தூக்கியதும் விரல்கள் பழைய வழியிலேயே போய்விட்டன. குழு ஒரு சுருதி, நான் ஒரு சுருதி. மாஸ்டர் கோலைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா தாயே, நாங்கல்லாம் கீழ் வீட்ல இருக்கோம், கொஞ்சம் இறங்கி வாங்க" என்றார். செல்லோ வாசிக்கிறவள் அப்போதிலிருந்து என்னை 'மாடி வீடு' என்றுதான் கூப்பிடுகிறாள். இரண்டாம் தடவை விரல்கள் சரியாகப் போயின. உச்சிச் சுரம் பாதி நின்றது. பாதிதான்.

இன்று இரவுச் சாப்பாட்டில் அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு ஹால்ல ஏசி போடுவாங்க. வாத்தியம் ஆறிடும் சுண்டு, மடியில ஏதாவது போர்த்தி வச்சுக்கோ" என்றார். சரிப்பா என்றேன். கையிலேயே இருக்கிற பெரிய ட்ரம்பெட் எப்படி ஆறும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

கொஞ்ச நேரத்துக்கு முன்புதான், நாளைக்காகச் சின்னதுக்கு எண்ணெய் போடலாம் என்று எடுத்தேன். எண்ணெய்ப் புட்டி அப்பாவின் இழுப்பறையில் இருப்பதால் இதுவரை ஒரு சொட்டுகூட நான் போட்டதில்லை; இன்று அவர் தூங்கிய பிறகு எடுத்துவந்தேன். விரலால் அழுத்துகிற வால்வைத் திருகி வெளியே இழுத்தேன். ஈரமாக இருந்தது. புது எண்ணெய், விரலில் ஒட்டியது. மூன்று வால்வும் அப்படியே. பள்ளி விடுமுறையில் ஒரு மாதம் தொடாமல் விட்டதற்கே என் வால்வுகள் இறுகிப்போய் எழுந்திருக்க மறுத்தன. இது நீ போன நாளிலிருந்து மேல்தட்டில் கிடந்தது. ஆனால் நான் முதன்முதலாக எடுத்த அன்றைக்கே இதன் வால்வுகள் வெண்ணெய்போல் இறங்கி ஏறின. நல்ல வாத்தியம் என்று நினைத்தேனே தவிர, யார் கை என்று யோசிக்கவில்லை.

யோசித்ததிலிருந்து பயம் கூடியிருக்கிறது அக்கா, குறையவில்லை. காலையில் தப்பித்துவிட்டால் மாலையில் மூன்றாம் வரிசையில் அப்பா இருப்பார். நான் வழுக்கினால் உன் ட்ரம்பெட்டும் சேர்ந்து வழுக்கியதாக ஆகிவிடும். ஆனாலும் சின்னதைத்தான் எடுக்கப்போகிறேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அந்தச் சுரம் நின்றது என்றே நினைத்துக்கொண்டு படி. எனக்காக ஒன்று செய். அப்பாவுக்கு ஒரு வரி எழுது. பழையது எதுவும் வேண்டாம். வால்வுக்கு என்ன எண்ணெய் போடுகிறீர்கள் என்று மட்டும் கேள்.

நீ விட்டுப்போன சால்வையை மடியில் போர்த்திக்கொண்டு உட்காரப்போகும்,
உன் தங்கை
சுண்டு