அரக்கனின் மனைவி

மாரிகுப்பம்,
1901, ஐப்பசி

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

நானும் சாலோமியும் சுகம். விடியற்பனியில் சுரங்கத்துப் புகைக்கூண்டுகள் மேகத்தின்மேல் மிதக்கின்றன.

நான் ஆயாவாக இருக்கும் பங்களாவில் துரைசானியின் மகள் தன் மழலைத் தமிழில் ஒரு கதை சொன்னாள். ஒருவன் அவரைக்கொடியில் ஏறி வானத்துக்குப் போகிறான். அங்கே அரக்கனின் மனைவி அவனுக்குச் சோறு போட்டு ஒளித்து வைக்கிறாள். அவனோ பொன் முட்டையிடும் கோழியைத் திருடிக்கொண்டு இறங்குகிறான். துரத்தி வந்த அரக்கன் பாதிக் கொடியில் இருக்கும்போதே, கீழே வந்துவிட்ட திருடன் அதை வெட்டிவிடுகிறான்.

அதைச் சாலோமிக்குச் சொன்னேன். கொடி அறும் இடத்தை மட்டும் தாண்டிவிட்டேன். ஆடி மாதம் சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கேஜின் இரும்புக் கயிறு போய், அதோடு அவரும் போனதிலிருந்து 'அறுந்தது' என்ற சொல்லை நாங்கள் வீட்டில் பேசுவதில்லை. அரக்கன் இறகுபோல மிதந்து வந்து கம்பங்கொல்லையில் இறங்கினான் என்று மாற்றினேன்.

"செத்துட்டான்னு எனக்குத் தெரியும்மா," என்றாள் சாலோமி. "அவன் பொண்டாட்டி இன்னா பண்ணா? எப்படி எறங்குனா?"

"அழுதா. அப்புறம் எழுந்து அடுப்பு பத்த வெச்சா. அவ ஏன் எறங்கணும்? அது அவ ஊடுதானே?"

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

அக்கா, எங்களை அழைத்துப்போக மாமாவை அனுப்பவேண்டாம். பங்களாத் தோட்டத்தில் எங்களுக்கு ஓர் அறை தருகிறார்கள். சாலோமி மிஷன் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். அவரும் இங்கே கல்லறையில்தானே இருக்கிறார்.

உன் பிரியமுள்ள தங்கை