சீர் வண்டி இல்லாத கல்யாணம்

மித் கம்ர், எகிப்து,
மே 20, 1996

நஜ்லாவின் அப்பா ஷெஹாத்தா அவர்களுக்கு,

சமீஹா எழுதுவது. உங்கள் மீது இறைவனின் சாந்தி உண்டாகட்டும். இங்கே நான் சுகம், மகளும் மருமகனும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கப் போவதில்லை. போன வாரம் வந்த கேசட்டில் ஒரு பக்கம் முழுக்கக் கத்தியிருக்கிறீர்கள், நடுநடுவே இருமியிருக்கிறீர்கள், யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த சத்தமும் கேட்டது. தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

பதிலுக்கு நானும் கேசட்டிலேயே பேசியிருப்பேன். ஆனால் அங்கே சவூதியில், தம்மாமில் உங்கள் அறையில் இருக்கிற ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். நம் வீட்டுச் சண்டை அவர்கள் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஆகக் கூடாது. அதனால் எழுதுகிறேன். உங்களோடு வேலை செய்கிற ரஜப் திரும்பி வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

"என் பதினெட்டு வருஷத்த எங்க கொண்டுபோய்க் கொட்டின?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சொல்கிறேன், கேளுங்கள். உங்கள் பதினெட்டு வருஷம் நம் உள்ளறையில் தரையிலிருந்து கூரை வரை அட்டைப்பெட்டியாக நின்றது. மகளின் சீருக்கு என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து அடுக்கினோம். நஜ்லாவுக்கு நாலு வயதில் நீங்கள் போனீர்கள். முதல் விடுமுறையிலேயே நூற்றிருபது உருப்படி பீங்கான் செட் கொண்டுவந்தீர்கள். "மக கல்யாணத்துக்கு ஆகும், தொடாம வை" என்றீர்கள். அப்போது அவளுக்குப் பால் பல்கூட விழுந்து முடியவில்லை. தொடாமல் வைத்தேன். பிறகு துண்டு அறுபது, விரிப்பு நாற்பது, மிக்சி மூன்று, கண்ணாடிக் கதவு போட்ட நீஷ் அலமாரி, அதற்குள் அடுக்க இன்னும் பீங்கான். வீட்டுக்கு வந்தவர்களுக்கு விளிம்பு உடைந்த கிளாஸில் தேநீர் கொடுத்தேன். நல்ல கிளாஸ் ஆறு டஜன் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

போன முறை வந்தபோது எங்கே படுத்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? பெட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவில், ஒருக்களித்து. புரண்டு படுக்க வேண்டுமென்றால் எழுந்து உட்கார வேண்டியிருந்தது. ஒரு மாத விடுமுறையில் இருபதாவது நாளே கிளம்பினீர்கள். வேலை இருக்கிறது என்றீர்கள். சொந்த வீட்டில் கால் நீட்ட இடம் இல்லாமல்தான் போனீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உங்கள் பையை நானே கட்டிக் கொடுத்தேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் அக்கா ஸக்கியா ஃபோனில் சொன்னது அவள் பங்குக் கதை. மாப்பிள்ளை ஹாஸிமுக்குக் குஸைர் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தது. செங்கடல் ஓரத்தில் ஒற்றை அறை வீடு கொடுத்தார்கள். அவன் போய் அளந்து பார்த்துவிட்டு வந்து, "மாமி, நீஷ் அலமாரிய உள்ள வெச்சா நாங்க ரெண்டு பேரும் வெளிய நிக்கணும்" என்றான். நஜ்லா சிரித்தாள். "ரெண்டு பெட்டி போதும்மா எனக்கு" என்றாள். நான் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றி அவள் மேல் வீசினேன். உன் அப்பா வெயிலில் வெந்து சேர்த்ததை வேண்டாம் என்று சொல்ல உனக்கு நாக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நீங்கள் இன்று கத்துவதையெல்லாம் நான் அன்றைக்கே கத்தி முடித்துவிட்டேன்.

சரி, இருப்பதில் நல்லதைப் பொறுக்கி இரண்டு பெட்டியிலாவது போடலாம் என்று அடுக்கைப் பிரித்தேன். துண்டுகளை உதறினால் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து கையோடு வந்தது. விரிப்புகளில் பாதியைப் பூச்சி தின்றிருந்தது. ஒரு தடவைகூடச் சுற்றாத மிக்சியில் ரப்பர் பொடியாக உதிர்ந்தது. நீங்கள் எந்த வெயிலில் நின்று அதையெல்லாம் வாங்கினீர்கள் என்று நினைத்து, தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பீங்கானும் பாத்திரமும் அலமாரியும் மட்டும்தான் நன்றாக இருந்தன.

அப்போதும் என் மனசு மாறவில்லை. கிழிந்ததற்குப் பதில் புதிதாக வாங்கலாம் என்றுதான் நினைத்தேன். அந்த வாரம்தான் லாரி வந்து நின்றது. நோன்புப் பெருநாளுக்கு மறுவாரம் கல்யாணம், எப்படியாவது வந்துவிடுங்கள் என்று நான் உங்களுக்கு எழுதியிருந்தேன். நீங்கள் வரவில்லை. துணி துவைக்கும் மெஷின் வந்தது. விடுமுறையை விட்டுக்கொடுத்ததால்தான் ஆட்டோமேட்டிக்காகவே அனுப்ப முடிந்தது என்று சீட்டு வைத்திருந்தீர்கள். நஜ்லா அதை இரண்டு தடவை படித்தாள். "நான் அப்பாவக் கேட்டேன், மெஷின் வந்திருக்கு. கல்யாணத்தன்னிக்கு இதக் கட்டிப் பிடிச்சு அழவாம்மா?" என்றாள்.

அந்த இடத்தில் எனக்குச் சீர் ஆசை விட்டுப்போயிற்று. உங்களைக் கேட்காமல் செய்தது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்பீர்கள், அதனால் கேட்கவில்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் கல்யாணத்துக்குக் காத்திருக்கிற பெண்கள் நாலு பேர். ஒருத்திக்குத் தகப்பன் இல்லை. இன்னொருத்தியின் கல்யாணம் நீஷ் அலமாரி இல்லை என்கிற ஒரே காரணத்துக்காக இரண்டு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறது. இந்த அநியாயத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அலமாரி, பீங்கான், மெஷின் எல்லாவற்றையும் அவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். அலமாரியும் பீங்கானும் வாங்கிக்கொண்ட பெண்ணின் அம்மாவிடம், "தட்டுல தினம் சாப்பிடணும். நான் வர்றப்போ தூசி இருந்துச்சுன்னா திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன்" என்று சொல்லியும் வந்திருக்கிறேன்.

நம் தெருவில் சீர் வண்டி போகாமல் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. வண்டியில் ஏற்றி, மேளம் அடித்து, ஊரே வாசலில் நின்று உருப்படி எண்ணும். நஜ்லா இரண்டு பெட்டியும் நம் ஊர் அலுமினியப் பாத்திரம் ஒரு மூட்டையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். தெரு சும்மா இருக்குமா? பெண்ணுக்கு ஏதோ குறை என்றார்கள். உங்களுக்கு வேலை போய்விட்டது என்றார்கள். அங்கே இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறீர்கள் என்றும் சொன்னார்கள். ஸக்கியா வாசலில் நின்று, "வெளிநாட்டுக்காரன் மக ஓடிப்போறவ மாதிரி போறாளே, என் தம்பி மானம் போச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சீர் நிறைய இருந்தால்தான் மாப்பிள்ளை அடங்கியிருப்பான் என்று புத்தி வேறு சொன்னாள். "அறுபது துண்டு இருந்தாத்தான் என் மகளோட குடித்தனம் பண்ணுவான்னா அவன் அந்தத் துண்டுகளையே கல்யாணம் பண்ணிக்கட்டும் அக்கா" என்றேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

மானம் போனது வண்டி இல்லாததால் இல்லை. நிக்காஹ் நடந்தபோது வெள்ளைக் கைக்குட்டைக்கு அடியில், பெண்ணின் தகப்பனாக நீங்கள் பிடித்திருக்க வேண்டிய ஹாஸிமின் கையைப் பிடித்திருந்தது அக்கா புருஷன் மஹ்ரூஸின் கை. நீங்கள் அனுப்பிய அதிகாரப் பத்திரத்தை வைத்துக்கொண்டு உங்கள் இடத்தில் உட்கார்ந்தார். பாவம், நல்ல மனிதர்தான். ஆனாலும் நான் அந்தக் கையைப் பார்க்க முடியாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

போன மாதம் குஸைருக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தேன். இதைப் படித்ததும் வீட்டை யார் பார்த்துக்கொண்டது என்றுதான் நினைப்பீர்கள். யாரும் இல்லை. பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். இத்தனை வருஷத்தில் ஒரு ராத்திரிகூட வெளியில் தங்கியதில்லை நான். என் அம்மா இறந்தபோது மூன்றாம் நாள் துக்கத்துக்குக்கூட நிற்காமல் ஓடி வந்தேன், பெட்டிகளைத் திருடிவிடுவார்கள் என்று. என் தம்பிகள் அதை இன்னும் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

மகள் வீட்டில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, நாலு தட்டு. ஐந்தாவது ஆள் வந்தால் ஒருத்தர் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நான் போன அன்றைக்குப் பக்கத்து வீட்டார் இரண்டு பேரும் வந்திருந்தார்கள், ஹாஸிம்தான் கடைசியில் சாப்பிட்டான், துணியும் அவனே துவைத்தான். பொரித்த மீனும் சோறும். சாயங்காலமானால் இரண்டு பேரும் கதவைச் சாத்திவிட்டுக் கடலோரம் நடக்கப் போய்விடுகிறார்கள். துடைக்கவும் எண்ணவும் காவல் இருக்கவும் அந்த வீட்டில் ஒன்றும் இல்லை. அவள் சிரித்தால் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வருகிறது. நம் வீட்டில் அவள் சிரித்து இப்படி நான் கேட்டதே இல்லை.

நம் உள்ளறையில் ஒரு ஜன்னல் இருந்தது, மறந்தே போயிருந்தேன். இப்போது காற்று வருகிறது. காலையில் அரை மணி நேரத்தில் வீட்டு வேலை முடிந்துவிடுகிறது. முதல் வாரம் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் திகைத்தேன். இப்போது சும்மா உட்கார்ந்திருக்கப் பழகிவிட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் உங்கள் கேசட்டின் கடைசியைக் கேட்ட பிறகு நிம்மதி போய்விட்டது. இந்த மாதக் கடைசியில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிறீர்களாம். "விட்டதெல்லாம் திரும்ப வாங்கி, லாரி வெச்சு குஸைருக்கே அனுப்புறேன், தெரு பார்க்கட்டும்" என்கிறீர்கள். தெரு பார்ப்பதற்கா நான் உங்களைக் கட்டிக்கொண்டேன்? ஹஜ் பெருநாளுக்கு வந்த ரஜப் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முதலில் மழுப்பினார், நான் விடவில்லை. உங்கள் இடது கால் புண் நோன்பிலிருந்து ஆறவில்லை. சர்க்கரை அதிகம் என்று டாக்டர் எச்சரித்தும், துணியைச் சுற்றிக்கொண்டு கிடங்கில் நாள் முழுக்க நின்று பெட்டி ஏற்றுகிறீர்கள். ஒரு பக்கம் முழுக்க மானத்தைப் பற்றிப் பேசத் தெரிந்த உங்களுக்கு இதைச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லையா?

இவ்வளவும் உங்கள் தலையிலேயே போட்டுவிட்டேன். அது நியாயம் இல்லை. நான் எழுதிய கடிதம் ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் வரும்போது வாங்கிவர வேண்டியவை என்று தலைப்புப் போட்டு வரிசையாக எழுதினேன். அதில் ஒன்றுகூட விடாமல் கொண்டுவந்தீர்கள். உங்களை அங்கே இத்தனை வருஷம் நிறுத்தி வைத்தது உங்கள் முதலாளி மட்டும் இல்லை, நானும்தான். இந்தத் தாளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை. கையெழுத்துப் போடாதீர்கள். கையை வீசிக்கொண்டு வாருங்கள். விமான நிலையத்தில் உறவுக்காரர்கள் உங்கள் பெட்டியைத் தேடட்டும், நான் உங்களைத் தேடுகிறேன்.

நம் வாசலைத் தாண்டிப் போன அதே இரண்டு காலோடும் இறைவன் உங்களை இந்த வாசலில் கொண்டுவந்து விடட்டும்.

உங்கள்
சமீஹா