கொசுக் களிம்பு பூசிய கை

புரட்டாசி, செவ்வாய்க்கிழமை

மதுரைத் துணிக்கடைக்காரர் எங்கள் பட்டுப்புழுக் கொட்டகையைப் படமெடுக்க வந்தார். கையெல்லாம் கொசுக் களிம்பு. அது பட்டால் புழு செத்துப்போகும். "கையக் கழுவிட்டு உள்ள வாங்க" என்று வாசலிலேயே சொன்னேன்.

"எட்டாவதோட நின்ன டாக்டரம்மா சொல்லிட்டாக. நீங்க வாங்க சார்" என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நான் வாசலை விட்டு விலகி நின்றேன். கடைக்காரர் ஒரு தட்டிலிருந்த புழுக்களை உள்ளங்கையில் அள்ளி, "இயற்கைக்கு நோகாத பட்டு" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார்.

சாயங்காலம் அந்தத் தட்டுப் புழுக்களெல்லாம் பச்சையாகக் கக்கிச் செத்துக் கிடந்தன. இந்த வாரம் கூடு கட்ட வேண்டியவை. "வெக்கையில செத்துருக்கும், விடு ஆத்தா" என்கிறார் சித்தப்பா.

மிச்சப் படத்தை எடுக்க நாளையும் வருகிறார்களாம். கொட்டகைச் சாவி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. கை கழுவாத யாருக்கும் திறக்க மாட்டேன். சிரிக்கிறவர்கள் வாசலில் நின்று சிரிக்கட்டும்.