பூவாடைக்காரி வரிசையில் உனக்கும் ஓர் இலை

சூடு ஆறுவதற்குள் சாப்பிடத் தெரிந்த என் அம்மாவுக்கு,

"உங்கம்மா கதி உனக்கு வரக் கூடாதுன்னுதாண்டி சொல்றேன்" என்று அத்தை சொன்னபோது, அந்தக் கதியில் என்ன குறை என்று நான் கேட்கவில்லை. கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கையில் கழுவிய வாழையிலை இருந்தது. அதை ஒருமுறை உதறினேன். அன்றைக்கு என் பதில் அவ்வளவுதான்.

கேட்காமல் விட்டது பயத்தினால் இல்லை. நான் பேசியிருந்தால் அது வாய்ச்சண்டையாகி, வாய்ச்சண்டை அழுகையாகி, கடைசியில் இலையை யாராவது சுருட்டி வைத்திருப்பார்கள். எனக்கு அந்த இலை வேண்டியிருந்தது. பேச்சை இப்போது உன்னிடம் பேசிக்கொள்கிறேன். மற்றவர்கள் காதில் விழுந்தால் விழட்டும்.

உனக்குத் தெரியாததில்லை. ஆனால் படிக்கிறவர்களில் தெற்குப் பக்கத்துக்காரர்களும் இருப்பார்களே, அவர்களுக்காகச் சொல்கிறேன். நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படையல் போட்டாக வேண்டும். கணவன் உயிரோடு இருக்கும்போதே, பூவும் பொட்டுமாக இறந்துபோன அந்த வீட்டுப் பெண்கள்தான் பூவாடைக்காரி. புதுப்புடவை வைத்து, ஆளுக்கோர் இலை போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கற்பூரம் காட்டிய பிறகுதான் உயிரோடிருக்கிறவர்களுக்குச் சோறு. கணவனை முந்திக்கொண்டு போனவளுக்கு இலை உண்டு. அவன் போன பிறகும் இருந்து, பிள்ளைகளை ஆளாக்கிவிட்டுப் போனவளுக்குக் கிடையாது.

இந்த வழக்கத்தை யார் முதலில் சொன்னார்கள், அம்மா? அவர்கள் வீட்டில் யார் சமைத்தார்கள்?

அப்பா இறந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. அவர் வேலை பார்த்த தொழிற்சாலையிலேயே உனக்குத் தையல் பிரிவில் வேலை கொடுத்தார்கள். ஆவடி குவார்ட்டர்ஸை நாம் காலி செய்ய வேண்டியிருக்கவில்லை. நீ கறுப்புச் சாந்துப் பொட்டு வைத்துக்கொண்டு, ஊதாவும் பச்சையுமாகச் சேலை கட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போனாய். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. அத்தைக்குப் பிடிக்காதது உனக்குப் பெரிதாகத் தோன்றியதில்லை.

குவார்ட்டர்ஸில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் உன்னைத்தான் சமையலுக்குக் கூப்பிட்டார்கள். காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு எல்லாவற்றுக்கும். ஷாமியானாவுக்குப் பின்னால், செங்கல் அடுப்பில், உன் கை வேண்டும். முன்னால் ஆரத்தித் தட்டைத் தூக்கும் நேரத்தில் நீ பின்னால் நகர்ந்துவிட வேண்டும். ஒருநாள் வளைகாப்பு வீட்டு அம்மா ஒருத்தர், சமைத்து முடித்ததும் கொஞ்சம் மறைவாகவே இருந்துகொள்ளச் சொன்னார். நீ சிரித்துக்கொண்டே சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"கை மட்டும் வேணும்னா சொல்லு, அனுப்பி வெக்கிறேன். நா ஊட்லயே கீறேன்."

அந்த அம்மா முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நீ போய் புளியோதரைக்குத் தாளித்தாய்.

அம்பத்தூர் நூலகத்திலிருந்து நான் எடுத்துவந்த கதைகளில் எல்லாம் அம்மாக்கள் கடைசியில் சாப்பிட்டார்கள். பானையில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிச் சாப்பிட்டார்கள், அல்லது பசிக்கவில்லை என்று பொய் சொன்னார்கள். அதை எழுதியவர்கள் கண் கலங்கினார்கள். படித்த எனக்கு எரிச்சலாக இருந்தது. நீ அடுப்பிலிருந்து இறக்கியதும் முதல் கரண்டியை உன் தட்டில் போட்டுக்கொள்வாய். ஊதி ஊதிச் சாப்பிட்டுவிட்டு, "இப்ப வாங்க, நல்லா கீது" என்று எங்களைக் கூப்பிடுவாய். சமைத்தவள் ருசிக்காததை ஊருக்கு எப்படிப் போடுவது என்பாய். நான் தியாகத்தைப் பார்த்து வளர்ந்தவள் இல்லை. ஒரு பெண் பசியோடு உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிப்படி முழுக்கக் கிண்ணங்கள் ஏறி இறங்கும். மேல் வீட்டுத் திருநெல்வேலி அக்காவிடமிருந்து சொதி வரும். நம் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு மேலே போகும். அந்தச் சொதியை நீ எப்படிக் காதலித்தாய்! மூன்று தரம் தேங்காய்ப்பால் பிழிந்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருவதற்குள் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். அவரிடம் கற்றுக்கொண்டு வந்து அவரையே தோற்கடித்தாய். நம் வீட்டுப் பிறந்தநாள்களுக்கெல்லாம் அதுதான். அத்தை அதைப் "பால் கொழம்பு" என்பாள், ஏதோ நோயாளிக்குக் கொடுக்கிற பத்தியம் மாதிரி.

பாரிவாக்கத்தில் அத்தை பிள்ளைகளின் கல்யாணத்துக்கு முன்னால் படையல் போட்டபோதும் நீதான் போய்ச் சமைத்தாய். அடை, வடை, பாயசம், மொச்சைக்கொட்டை போட்ட கத்திரிக்காய்க் குழம்பு எல்லாம் உன் கை. கற்பூரம் ஏற்றும்போது நீ கொல்லையில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாய். படையலுக்குச் சமைக்கிறவர்கள் ருசி பார்க்கக் கூடாது என்பது அத்தையின் சட்டம். பூவாடைக்காரிக்கு எச்சில் ஆகிவிடுமாம். ஆனால் நீ சமைத்த படையலில் உப்பு எப்போதும் சரியாகவே இருந்தது. எப்படி அம்மா? ஒருமுறையாவது கேட்டிருக்கலாம்.

நீ போன மறு வருடம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அண்ணனும் நானும் மண்ணூர்பேட்டையில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்திருந்தோம். மாப்பிள்ளை வீடு பூந்தமல்லி. அப்பா பக்கத்தில் மூத்தவள் என்று மிச்சம் இருந்தது அத்தை ஒருத்திதான், அதனால் படையல் நடத்த அவளும் மாமாவும் வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார்கள். வந்ததும் அத்தை இலைக்கட்டைப் பிரித்தாள். பாட்டிக்கு ஒன்று, கல்யாணமாகிச் சின்ன வயதிலேயே இறந்துபோன இன்னொரு அத்தைக்கு ஒன்று. மீதி இலைகளைச் சுருட்டி மூலையில் வைத்தாள். நான் அதில் ஒன்றை எடுத்துக் கழுவி, அம்மாவுக்கு என்றேன். அதற்குத்தான் அத்தை, நான் முதலில் எழுதிய அந்தப் பதிலைச் சொன்னாள்.

அதைச் சொல்லும்போது அவள் என் கன்னத்தைத் தொட்டாள். அதை நான் மறைக்க மாட்டேன். உனக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்துவிடும் என்று அவள் உண்மையிலேயே பயந்தாள். ஆனால் அந்தப் பயத்துக்கு விலையாக உன்னைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

இலையை உதறியவள் அதை ஜன்னல் மேல் வைத்துவிட்டுச் சமையலுக்குப் போனேன். அத்தையும் வந்தாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அவள் வடைக்கு அரைத்தாள், நான் பாயசத்துக்கு வெல்லம் கரைத்தேன். மொச்சைக் குழம்பு நடுவில் கொதித்தது. அவள் தண்ணீர் எடுக்கப் போனபோது நான் உப்புப் போட்டேன். நான் தேங்காய் துருவத் திரும்பியபோது அவள் போட்டாள். ருசி பார்க்கத் தடை. பேசவும் வழியில்லை. குழம்பு பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது.

பிறகு நான் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்து உனக்குச் சொதி வைத்தேன். இறக்கியதும் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தேன். எலுமிச்சை போதவில்லை. இன்னும் பிழிந்து, இன்னொரு முறை பார்த்தேன்.

"இன்னாடி பண்ற? படையல் நாள்ல எச்சி பண்ற?"

"எங்கம்மாவுக்கு வெக்கிறேன் அத்த. ருசி பாக்காதத அவங்க சாப்ட மாட்டாங்க."

அத்தை கையிலிருந்த மாவைக் கழுவினாள். அந்த இலை விழுந்தால் தான் கற்பூரம் காட்டப்போவதில்லை, கல்யாணத்துக்கும் வரப்போவதில்லை, மணமேடையில் அத்தை முறை செய்ய வேறு ஆளைத் தேடிக்கொள்ளலாம் என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் அவள் சொன்னபடி செய்வாள் என்று தெரிந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் தயிர் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். வீட்டில் தயிர் இருந்தது.

நான் ஜன்னல் மேலிருந்த இலையை எடுத்துவந்து பாட்டியின் இலைக்குப் பக்கத்தில் போட்டேன். உன் ஊதாச் சேலையை மடித்து வைத்தேன். அது பழையது, நீ கட்டியது, எத்தனை துவைத்தாலும் போகாத அந்த அந்துருண்டை மணத்தோடு. எல்லாவற்றையும் பரிமாறி, உன் இலையில் மட்டும் கூடுதலாகச் சொதியும் இஞ்சித் துவையலும் வைத்தேன். கற்பூரத்தை நானே ஏற்றினேன். பாட்டியின் பெயரைச் சொன்னேன், சின்ன அத்தையின் பெயரைச் சொன்னேன், உன் பெயரைச் சொன்னேன். மூன்றையும் ஒரே குரலில் சொன்னேன். மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அத்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது முதல் கவளத்திலேயே மாமா நிமிர்ந்தார். "இன்னாம்மா இது, எண்ணூர் கடலயே மொண்டாந்து ஊத்திட்டீங்களா?"

அத்தைக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். தயிரோடு திரும்பியிருந்த அண்ணன் குழம்புச் சோற்றை ஓரமாக ஒதுக்கினான். அத்தை ஒதுக்கவில்லை. முகம் சுளிக்காமல், தண்ணீர்கூடக் குடிக்காமல், ஒரு பருக்கை மிச்சமில்லாமல் அந்தக் குழம்பைச் சாப்பிட்டாள். அந்த வீம்பு எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் நீ நம்புவாய். அதே வீம்புதான் எனக்கும்.

படைத்த இலைச் சோற்றை வீட்டார்தான் பிரித்துச் சாப்பிட வேண்டும். உன் இலையை யார் தொடுவார்கள் என்று அத்தை காத்திருந்தாள். நான் எடுக்கப் போவதற்குள் மாமா தன் இலையை முன்னால் தள்ளினார். அந்த வெள்ளைக் குழம்பைக் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டார்.

"தங்கச்சி கை ருசி அப்டியே கீதும்மா" என்றார், அத்தையைப் பார்க்காமல்.

அத்தை எழுந்து கை கழுவிக்கொண்டாள். பையை எடுத்துக்கொண்டு, போய் வருகிறேன் என்று சொல்லாமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். மாமா வாய் துடைத்துக்கொண்டே பின்னால் ஓடினார்.

செய்தி பூந்தமல்லிக்குப் போக நாள் எடுக்கவில்லை. என் மாமியாராகப் போகிறவர் நேரில் வந்தார். தாலி அறுத்தவளுக்குப் பூவாடைக்காரி இலை போட்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா என்று கேட்டார். அண்ணன் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, இல்லை என்று சொல்லும்படி எனக்குத் தலையை ஆட்டினான். கல்யாணம் நின்றுவிடலாம் என்பது எனக்கும் தெரிந்தது. மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது, அம்மா. நிற்கக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

"ஆமாங்க. எங்கம்மாவுக்குப் போட்டேன். உங்க வீட்டுக்கு வந்தாலும் போடுவேன்" என்றேன்.

மாமியார் நான் கொடுத்த காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முகூர்த்தப் புடவை என்ன நிறத்தில் வேண்டும் என்று கேட்டார். அவர் மனதில் என்ன ஓடியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அத்தை வீட்டுக்கு நானே பத்திரிகை கொண்டுபோனேன். மஞ்சள் தடவிய பத்திரிகையை வாங்கிச் சாமிப் படத்தடியில் வைத்தாள். மோர் கொடுத்தாள். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாள். நான் சொல்லவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் அடுப்பு மூட்டும் எந்த வீட்டிலும், எந்தப் படையலிலும், உனக்கு இலை விழும். ருசி பார்த்துத்தான் பரிமாறுவேன். அத்தை காலத்துக்குப் பிறகு அவளுக்கும் போடுவேன். அவள் மாமாவுக்கு முன்னால் போனாலும் பின்னால் போனாலும் போடுவேன். அவளுக்குப் பிடிக்காவிட்டாலும் போடுவேன்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. அத்தை வரவில்லை. மாமா மட்டும் வந்தார். மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்து, தாலி கட்டியதும் அட்சதை போட்டுவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார்.

உன் வயிற்றில் பிறந்து, உன் பசியோடு வளர்ந்த
மகள்